பனி பழுப்பாகத் தெரிந்தால் படத்தைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 11, 2025 அன்று வெளியான 'சூப்பர்மேன்' படத்தைப் பற்றி உங்கள் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் ரசிகர்களின் கருத்துகளைத் தொகுத்துப் போட்டிருந்தீர்கள். படம் ஒரே இருட்டு என்கிறார் ஒருவர். கண்ணுக்குக் குளிர்ச்சி என்கிறார் அடுத்தவர். வசனம் காதிலேயே விழவில்லை என்று ஒரு புகார். வசனத்துக்காகவே இன்னொரு தரம் போகலாம் என்று ஒரு பாராட்டு. காமிக்ஸைக் கெடுத்துவிட்டார்கள் என்பதும் காமிக்ஸை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்பதும் அடுத்தடுத்த பத்தியில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே 'கலவையான வரவேற்பு' என்று தலைப்பு.

ஒரே இலையில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னால் அதைக் கலவை எனலாம். இங்கே ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நாலைந்து விதமான படங்கள் ஓடியிருக்கின்றன. 2டியா 3டியா, தமிழா ஆங்கிலமா, முதல் நிமிடமே உள்ளே இருந்தாரா, பாப்கார்ன் வரிசையில் நின்றாரா, முன்னால் காமிக்ஸ் படித்தவரா என்று கேட்காமல் கருத்தை மட்டும் வாங்கினால், அது படத்தைப் பற்றியதா தியேட்டரைப் பற்றியதா என்பதே வாசகருக்குத் தெரியாது. இதை எடுத்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சுகள் சிலவும் கீழே வருவதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் அந்த இருட்டு. படம் தொடங்குவது அண்டார்டிகாவில். திரை முழுக்க வெள்ளைப் பனி. வானத்திலிருந்து ஓர் ஆள் பொத்தென்று அதில் வந்து விழுகிறான், முகத்தில் ரத்தம். அந்த வெள்ளையும் அதன்மேல் நீல உடையும் சிவப்பு அங்கியும்தான் படம் முழுமைக்கும் நிறக்கணக்கு. பத்து, பதினைந்து வருடமாக வந்த சாம்பல் நிற சூப்பர் ஹீரோ படங்களுக்கு மாற்றாக, வேண்டுமென்றே பளிச்சென்று எடுத்த படம் இது. இதையே ஒருவர் இருட்டு என்கிறார் என்றால் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் புரொஜக்டர் அறை.

டிஜிட்டல் சினிமாவில் 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு இது. 3டி போடும்போது இருப்பது அதே விளக்குதான். ஆனால் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் மாற்றி மாற்றிப் படம் காட்ட வேண்டும். லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்ற ஒளி ஃபில்டர் ஒன்று, பார்ப்பவர் மூக்கின்மேல் கண்ணாடியாக இன்னொன்று. இத்தனையும் தாண்டி, ஒழுங்காகப் பராமரிக்கிற அரங்கிலேயே கண்ணுக்கு வந்து சேர்வது 4.5 அளவில்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு பழசாக இருந்தால் அதுவும் வராது. புரொஜக்டரில் இருக்கும் செனான் விளக்கு வீட்டு பல்பு போலப் பட்டென்று ஃபியூஸ் ஆவதில்லை. ஓடிய மணிக்கணக்கு ஏற ஏற, உள்ளிருக்கும் மின்முனையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிக் குழாயின் உட்புறத்தில் கறுப்பாகப் படியும். வெளிச்சம் நாளுக்கு நாள் எள்ளளவாகக் குறைவதால், தினமும் பார்க்கிற ஆபரேட்டரின் கண் அதற்குப் பழகிப்போகும். கெடு முடிந்த விளக்கை இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் முதலாளிக்கு மிச்சம். உள்ளே அழுத்தத்தில் வாயு அடைத்த குழாய் அது. கெடு தாண்டினால் வெடிக்கவும் வெடிக்கும். அப்படி வெடித்தால் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியும் சேர்ந்து போய், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவு வைக்கும். இது தெரிந்தும் ஓட்டுகிறார்கள்.

இன்னொரு தவறு இதைவிட எளியது. 3டி காட்சி முடிந்து அதே திரையில் அடுத்தது 2டி என்றால், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை விலக்க வேண்டும். சில இடங்களில் அது தானாக விலகும், சில இடங்களில் கையால் தள்ள வேண்டும். மறந்துவிட்டால் 2டி பார்க்க வந்தவருக்குக் கண்ணாடியும் கிடையாது, வெளிச்சமும் பாதிக்கு மேல் போயிருக்கும். என்ன நடந்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய், படம் மங்கல் என்று எழுதிவிடுவார். அவர் பார்த்தது மங்கல்தான், பொய் சொல்லவில்லை.

3டிக்காகப் போட்ட வெள்ளித் திரைக்கு வேறொரு குணம் உண்டு. சாதாரண வெள்ளைத் திரை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பும். வெள்ளித் திரை வந்த வெளிச்சத்தை நேர் எதிரே திருப்பித் தருவதால் நடு இருக்கைக்காரருக்குப் பளபளப்பு, சுவரோரம் உட்கார்ந்தவருக்குத் திரையின் மறுகோடி கறுப்பு. ஒரே காட்சிக்கு, ஒரே விலை டிக்கெட்டில் போன இரண்டு பேர் வெளியே வந்து சண்டை போட்டுக்கொள்ள இதுவே போதும்.

சோதித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தொடக்கத்தில் வரும் அந்தப் பனியைப் பாருங்கள். சலவைக்குப் போட்டு வந்த வேட்டி மாதிரி இருந்தால் சரி. பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் எழுந்து போய் மேனேஜரிடம் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொன்னால்தான் பலன். ஃபில்டர் மாட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. விளக்கு புதிதாக இருந்து மின்னோட்டத்தைக் குறைத்து வைத்திருந்தால் அதையும் அங்கேயே ஏற்றிவிடலாம். விளக்கே கிழமாகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த காட்சிக்கு வேறு அரங்கு பார்க்க வேண்டியதுதான். 3டிக் கண்ணாடியை வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல் ரேகை, கீறல் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் கூடும், துடைக்க மெல்லிய பருத்தித் துணி வேண்டும். எங்களைக் கேட்டால் இந்தப் படத்துக்கு 2டி டிக்கெட்டே போதும்.

அடுத்தது வசனம் கேட்கவில்லை என்ற புகார். இதில் படத்தின் பங்கு பாதி, தியேட்டரின் பங்கு பாதி. வசனம் முழுவதும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் வருகிறது. அதில் மேல்சுருதியைத் தரும் உறுப்பு பழுதாகியிருந்தால் ச, த, க எல்லாம் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பாட்டும் சண்டையும் பக்கவாட்டு ஸ்பீக்கர்களில் நன்றாகவே கேட்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அடிக்கடி நடப்பது வேறு. அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி புராசஸரில் ஒலி அளவைக் காட்டும் எண் 7 என்பதுதான் படத்தைக் கலந்த ஸ்டூடியோவின் அளவு. விளம்பரங்களைக் காது கிழிய ஒலிப்பதிவு செய்து அனுப்புவதால், விளம்பரம் ஓடும்போது ஆபரேட்டர் 5-க்கோ 4.5-க்கோ இறக்குவார். படம் தொடங்கும்போது ஏற்ற மறந்துவிடுவார். எண் ஒன்று குறைந்தால் சுமார் 3.3 டெசிபல் குறையும். 7-லிருந்து 5-க்கு வந்தால் 6 டெசிபலுக்கு மேல் போயிற்று. சத்தமான காட்சி அப்போதும் சத்தமாகவே இருக்கும். மெல்லப் பேசும் காட்சி ஏசி இரைச்சலுக்குள் முங்கிவிடும். இந்தப் படத்தின் உயிரே மெல்லப் பேசும் காட்சிகளில் இருப்பதால் நஷ்டம் இரட்டிப்பு. இதையும் சொன்னால் உடனே சரிசெய்வார்கள். யாரும் சொல்வதில்லை.

தாமதமாக உள்ளே நுழைந்தவர்களின் கருத்தைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். அந்தப் பனிக்காட்சியின்மேல் எழுத்தாக ஒரு முன்கதை ஓடுகிறது. மூன்று நூற்றாண்டுக்கு முன் அதீத சக்தி கொண்டவர்கள் பூமியில் தோன்றினார்கள். மூன்று பத்தாண்டுக்கு முன் வேற்றுக்கிரகக் குழந்தை ஒன்று கான்சாஸ் விவசாயத் தம்பதியிடம் வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவன் தன்னை வெளிப்படுத்தினான். மூன்று வாரத்துக்கு முன் பொராவியா என்ற நாடு ஜர்ஹான்பூர் மீது படையெடுத்ததைத் தடுத்தான். மூன்று மணி நேரத்துக்கு முன் பொராவியாவின் ஆள் ஒருவன் அவனைத் தாக்கினான். மூன்று நிமிடத்துக்கு முன் சூப்பர்மேன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தோற்றான். இவ்வளவும் ஒரு நிமிடச் சமாச்சாரம். தமிழ்ப் பிரதியோ ஆங்கிலப் பிரதியோ, அந்த நிமிடம் உள்ளே இல்லாதவருக்குப் பொராவியா யார், ஏன் எல்லோரும் சூப்பர்மேன்மேல் கோபமாக இருக்கிறார்கள், அவன் காதலி லோயிஸ் எதற்காக அவனைக் குடைகிறாள் என்பதெல்லாம் கடைசிவரை பிடிபடாது. நம் ஊரில் படம் 6.30 என்றால் 6.45-க்குத்தான் போடுவான் என்று ஒரு கணக்கு உண்டு. சமயத்தில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

இடைவேளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 129 நிமிடப் படம் இது, இடைவேளை என்ற எண்ணமே இல்லாமல் எழுதியது. எங்கே நிறுத்துவது என்று இங்கே யாரோ முடிவு செய்து பாதியில் ஒரு வெட்டுப் போடுகிறார்கள். தமிழ்ப் படத்தின் இடைவேளைத் திருப்பத்துக்குப் பழகிய மனசு, அந்த இடத்தில் ஒன்றும் நடக்காததைப் பார்த்து முதல் பாதி சப்பென்று இருக்கிறது என்று எழுதிவிடுகிறது.

தணிக்கை வெட்டு 33 விநாடி. முத்தக் காட்சிகளில் போட்டது. படத்துக்குக் கிடைத்ததோ, 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்கிற யு/ஏ. சண்டையில் கட்டிடம் கட்டிடமாக இடிந்து விழலாம், காதலர்கள் வானத்தில் நின்று முத்தமிடக் கூடாது. அந்த நியாயம் எப்படியோ போகட்டும். பின்னணி இசை மேலேறிக்கொண்டிருக்கும் இடத்தில் படத்தைக் கத்தரித்தால் இசையின் தாளமும் சேர்ந்து முறியும். கடைசிக் கட்டத்தில் காதல் ஒட்டவில்லை என்று எழுதியவர் வெட்டிய பிரதியைப் பார்த்துத்தான் அப்படி எழுதினார்.

தமிழ் மொழிமாற்றத்தைப் பற்றி உங்கள் பக்கத்தில் சுமார், சூப்பர் என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. மொழிமாற்றத்தில் எது கஷ்டம், எங்கே சறுக்கும் என்று தெரிந்து கேட்டால் பார்வையாளரே இன்னும் திருத்தமாகச் சொல்வார்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. லோயிஸ் பத்திரிகைக்காரி, கிளார்க் அவளுடைய காதலன். சூப்பர்மேன் சாதாரண ஆளாக வாழும்போது வைத்திருக்கும் பெயர்தான் கிளார்க். என்னைப் பேட்டி எடேன் என்று அவன் சொல்ல, அவள் ரெக்கார்டரை வைத்துவிட்டு, காதலனை விட்டுவிட்டு சூப்பர்மேனிடம் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். ஆங்கிலத்தில் இருவருக்கும் நடுவில் ஒரே முன்னிலைச் சொல். கிளார்க் என்று கூப்பிடுவதிலிருந்து சூப்பர்மேன் என்று மாறுவதிலும், குரல் இறுகுவதிலும்தான் வித்தியாசம். தமிழில் நமக்கு நீ, நீங்க என்று இரண்டு இருக்கிறது. ரெக்கார்டர் ஓடாதபோது நீ, ஓடத் தொடங்கியதும் நீங்க, கோபம் வந்ததும் தன்னை மறந்து மறுபடி நீ. இப்படி எழுதினால் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நயம் தமிழில் கிடைக்கும். முழுக்க நீ என்று எழுதினால் காதலர் சண்டையாகிவிடும். முழுக்க நீங்க என்றால் தொலைக்காட்சி விவாதம். தமிழ்ப் பிரதி பார்த்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தக் காட்சியில் அவள் எப்போது நீ என்றாள் என்பதுதான்.

அதே காட்சியில் பொறுமை போய் அவன் கத்துகிறான்: ஆட்கள் சாகப் போகிறார்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்ற பொருளில். முகம் திரை முழுக்க நெருக்கத்தில். அந்த ஆங்கில வரியின் தொடக்கத்தில் உதடு மூடுகிறது, முடிவில் வாய் அகலத் திறந்து நிற்கிறது. 'மக்கள் செத்திருப்பாங்க' என்று எழுதினால் பொருள் சரி. ஆனால் முடிவுக்குப் பக்கத்தில் 'பா' வந்து உதடு ஒட்ட வேண்டும், திரையிலோ வாய் திறந்தபடி இருக்கும். 'எத்தனை உயிர் போயிருக்கும்' என்றால் இன்னும் மோசம், 'ம்' என்று மூடி முடிகிறது. 'மக்கள் சாகக் கிடந்தாங்க' என்று வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 'ம', உதடு மூடுகிறது. பிறகு கடைசிவரை உதடு ஒட்டும் எழுத்தே இல்லை, முடிவும் அகரத்தில். அசைக்கணக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். டப்பிங் எழுத்தாளர் ஒரு வரிக்கு இத்தனையும் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான வரி, கையில் இருப்பதோ சொற்ப நாள்.

ஒலியிலும் மொழிமாற்றத்துக்குப் பாதகம் உண்டு. இசையும் சத்தங்களும் சேர்ந்த தடம் அங்கிருந்து தனியாக வரும். அதன்மேல் தமிழ்க் குரலை இங்கே ஏற்றிக் கலப்பார்கள். மூலப்படத்தில் நடிகர் படப்பிடிப்பிலேயே மூச்சிரைக்கப் பேசியிருப்பார். இங்கே கண்ணாடி அறையில் ஏசிக்குள் நின்று பேசுகிற குரல், வெடிச்சத்தத்துக்கு மேலே தனியாக மிதக்கும். வெட்டவெளியில் சண்டை நடக்கும்போது குரல் பக்கத்து அறையில் இருப்பது போலத் தோன்றினால் காரணம் இதுதான்.

மொழிபெயர்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது: பங்க் ராக். லோயிஸ் சின்ன வயதில் பங்க் ராக் பைத்தியம். எல்லாவற்றையும் எல்லோரையும் சந்தேகப்படுகிறவள். நீயோ எல்லோரையும் நம்புகிறாய், எல்லோரும் அழகு என்கிறாய் என்று அவள் சொல்லும்போது, அதுதான் உண்மையான பங்க் ராக்கோ என்னவோ என்கிறான் அவன். படம் முடியும்போது ஓடும் பாட்டும் அந்தச் சொல்லை வைத்துத்தான். அடங்காதவன் வேலை எதிர்ப்பது, எல்லோரும் வெறுக்கும் காலத்தில் அன்பாக இருப்பதே பெரிய எதிர்ப்பு என்பது வரியின் சாரம். பங்க் ராக் என்றே விட்டால் கடலூரில் பாதி அரங்குக்கு அது ஏதோ பாட்டுக் கச்சேரி. கானா என்று மாற்றினால் அடங்காத்தன்மை வரும். ஆனால் கடைசிப் பாட்டு இங்கிலீஷில் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். கருத்தை மட்டும் எடுத்து 'அன்பா இருக்கறதுதான் பெரிய கலகம்' என்று எழுதினால் பட்டிமன்ற வாடை. எது செய்தாலும் ஒன்று போகும். ஆங்கிலத்தில் பார்த்தவருக்கு அந்த முடிவு தித்திப்பாகவும், தமிழில் பார்த்தவருக்குச் சம்பந்தமில்லாத பாட்டாகவும் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி காமிக்ஸ்காரர்களின் சண்டைக்கு வருவோம். அவர்கள் எழுதியதில் மூன்று குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. ஒன்று, அவனைப் பெற்றவர்கள் அனுப்பிய செய்தி. பழுதாகிப்போன அதன் இரண்டாம் பாதியை வில்லன் லெக்ஸ் லூதர் மீட்டு உலகத்துக்குப் போட்டுக் காட்டும்போது, பூமியைக் காப்பாற்று என்பதற்குப் பதில் அதை ஆளு என்று இருக்கிறது. இரண்டு, அல்ட்ராமேன். காமிக்ஸில் 1964 முதல் அந்தப் பெயர் இன்னொரு பூமியைச் சேர்ந்த கொடிய சூப்பர்மேனுக்கு உரியது. படத்தில் அவன் லூதர் செய்த நகல். நகல் என்றால் காமிக்ஸில் பிசாரோ, 1958-லிருந்து இருப்பவன். பிசாரோவின் சட்டையை அல்ட்ராமேனுக்கு மாட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். மூன்று, உடைக்கு மேலே போட்ட சிவப்பு ஜட்டி. 2011-ல் காமிக்ஸ் அதைக் கழற்றியது, 2013 படத்தில் அது இல்லை, 2018-ல் காமிக்ஸில் திரும்ப வந்தது, இந்தப் படத்திலும் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு அது வந்ததில் மகிழ்ச்சி, இன்னொரு கூட்டத்துக்குச் சிரிப்பு.

இதில் அசல் எது என்று கேட்டால் சங்கடம்தான். 1938-ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல், அதாவது 200 மீட்டர் சொச்சம் தாவுவான், அவ்வளவுதான். 1941-ல் ஃபிளெய்ஷர் ஸ்டூடியோவின் கார்ட்டூன் படங்களில் தாவிக்கொண்டே இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று பறக்கவிட்டார்கள். அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் பச்சைக்கல் 1943-ல் வானொலி நாடகத்தில் பிறந்தது. காமிக்ஸ் அதை 1949-ல்தான் எடுத்துக்கொண்டது. பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும் வானொலியிலிருந்து வந்தவர்தான். லூதர் 1940-ல் முதலில் தலைகாட்டியபோது தலை நிறைய சிவப்பு முடி. நாய் கிரிப்டோ 1955. சக்தி கூடிக்கொண்டே போய் யாராலும் அடிக்க முடியாதவன் ஆனதும் கதை எழுத முடியாமல் திணறி, 1971-ல் அவன் சக்தியைக் குறைத்து, பூமியிலிருந்த கிரிப்டோனைட்டை எல்லாம் ஒழித்துப் பார்த்தார்கள். 1986-ல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காமிக்ஸ் சினிமாவிலிருந்து எடுத்தது, சினிமா காமிக்ஸிலிருந்து எடுத்தது, இரண்டும் வானொலியிலிருந்து எடுத்தன. நம் கூத்துக்காரர் ஊருக்கு ஒரு மாதிரி பாரதம் கட்டியாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் படம் எந்தக் காமிக்ஸின் சாயல் என்பது தெரிந்தால் பாதிச் சண்டை தீரும். 2005 முதல் 2008 வரை 12 இதழாக வந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்', எழுதியவர் கிராண்ட் மாரிசன், வரைந்தவர் ஃபிராங்க் குவைட்லி. அதன் முதல் பக்கத்தில் நான்கே கட்டம், கட்டத்துக்கு இரண்டே சொல். அழியும் கோள், தவிக்கும் விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கை, கனிவான தம்பதி. எட்டுச் சொல்லில் பூர்வகதை முடிந்தது, அடுத்த பக்கத்தில் சாகசம் ஆரம்பம். எல்லோருக்கும் தெரிந்த கதையை ஏன் மறுபடி சொல்ல வேண்டும் என்ற அந்தத் துணிச்சல்தான் படத்தில் எழுத்தாக ஓடும் ஆறு வரி. ஆனால் காமிக்ஸில் அந்தப் பக்கத்தை வாசகன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், திருப்பிப் பார்க்கலாம். இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை நிரப்புவது அவன் மனசு. சினிமாவில் நேரம் இயக்குநர் கையில். எழுத்து போய்விட்டால் போனதுதான். காமிக்ஸ் படித்தவன் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறான். படிக்காதவனிடம் நிரப்ப ஒன்றும் இல்லை. கதை தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருக்கிறது என்று அவன் சொன்னால் அதை அறியாமை என்று தள்ள முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நீலமும் சிவப்பும் மஞ்சளும் அழகுக்காக மட்டும் வந்தவை இல்லை. மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் நாலு மையில் அடிக்க வேண்டும். சிவகாசியில் எந்த அச்சகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்: மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு போட்டால் சிவப்பு. பிளேட் ஒரு நூல் நகர்ந்து பதிந்தாலும் இப்படிப்பட்ட முழுநிறம் தாங்கும், இடைப்பட்ட சாயல்கள் கலங்கிப் போகும். சூப்பர் ஹீரோக்களெல்லாம் தேர்த்திருவிழா மாதிரி உடை போட்டதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

நாயகன் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான் என்பது தமிழ்ப் பார்வையாளரின் தனிப்பட்ட மனக்குறை. நமக்கு என்ட்ரி என்று ஒன்று வேண்டும். கால் தெரிய வேண்டும், பிறகு முதுகு, பிறகு காற்றில் துண்டு, கடைசியில் முகம். இங்கே என்ட்ரியே தோல்வியில். விழுந்தவன் விசிலடித்து நாயைக் கூப்பிடுகிறான். நாயோ அவனைப் பார்த்த சந்தோஷத்தில் மேலே பாய்ந்து துவைத்துவிட்டு, பிறகு அங்கியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகிறது. எங்களுக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. விசில் அடிக்கத் தயாராக வந்த பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதையும் புரிந்துகொள்ளலாம். வெல்ல முடியாதவனை வைத்துக் கதை எழுதுவதில் உள்ள பழைய சிக்கலுக்கு இந்த இயக்குநர் கண்ட வழி, அவனை முதல் நிமிடத்திலேயே தோற்கடிப்பது.

படத்தின்மேல் வைத்த குறைகளில் நியாயமானவையும் இருக்கின்றன. ஆள் கூட்டம் அதிகம். சூப்பர்மேனோடு வரும் இன்னொரு சாகசக்காரி ஹாக்கேர்ளுக்குக் கத்துவதைத் தவிர வேலை இல்லை. லூதரின் சிறைக்குள் போகும் நடுப்பகுதி நீள்கிறது. அல்ட்ராமேன் முகத்தைக் கடைசிக் கட்டம்வரை மூடியே வைத்திருப்பதால் அவன் அடிக்கும்போது பயமும் இல்லை, அவன் விழும்போது பரிதாபமும் இல்லை. நாயை வைத்துச் செய்த வேடிக்கை முதல் இரண்டு தடவை போதும். மிஸ்டர் டெரிஃபிக் என்ற இன்னொரு சாகசக்காரனின் பறக்கும் உருண்டைகள் வரும் சண்டை மட்டும் கண்ணில் நிற்கிறது. எது எங்கே இருக்கிறது, யார் எந்தத் திசையில் வருகிறார்கள் என்பது ஒவ்வொரு விநாடியும் தெரிவதுதான் காரணம். இவையெல்லாம் எந்தப் பிரதியில், எந்த இருக்கையில் பார்த்தாலும் மாறாத குறைநிறைகள். இவற்றைத்தான் கருத்து என்று தனியாகப் போட வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரி படங்களுக்கு ரசிகர் கருத்து வாங்கும்போது, ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: '2டி, தமிழ், நடு வரிசை, ஆரம்பத்திலிருந்து, காமிக்ஸ் படித்ததில்லை' என்கிற மாதிரி. நிருபருக்கு அரை நிமிடம் கூடுதல் வேலை. அரங்கின் பெயரைப் போடச் சொல்லவில்லை, அதனால் வரும் வம்பு எங்களுக்கும் தெரியும். ஆனால் இருட்டு என்று சொல்கிறவர்கள் எல்லோரும் 3டி பார்த்தவர்களாக இருந்தால், அடுத்த படத்துக்கு எந்த டிக்கெட் எடுப்பது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார். பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போவதா, கடலூரிலேயே பார்த்துவிடலாமா என்பதும் அப்படித்தான்.

பெட்டிச் செய்தியில் ஒரு திருத்தம். சூப்பர்மேனை உருவாக்கியவர் என்று ஒருவர் பெயரை மட்டும் போட்டிருந்தீர்கள். இருவர்: எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். 1938-ல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, 1975-ல் வார்னர் நிறுவனம் ஓய்வூதியம் கொடுத்து, உருவாக்கியவர்கள் என்று பெயரைத் திரும்பச் சேர்க்கும்வரை அலைந்தவர்கள். இதில் சீகல் நமக்கு வேற்றாள் இல்லை. 1960-களில் பிழைப்புக்காக பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றுக்கு 'தி ஸ்பைடர்' கதைகளை எழுதிக் கொடுத்தார். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்து, பெட்டிக்கடைகளில் தொங்கி, பாடப்புத்தகத்துக்கு நடுவில் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்ட அதே ஸ்பைடர். அந்தப் பழைய இதழ்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. உங்கள் பெட்டிச் செய்தியிலாவது சரியாக வரட்டும்.

இப்படிக்கு,
காமிக்ஸ் சேகரிப்பாளர் ஒருவர், புரொஜக்டர் ஆபரேட்டர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 1.